அப்பா விரலில் தேய்த்துப் பார்த்த ஷாம்பு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், நலமாக இருக்கிறோம் என்று பொய் எழுத மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், போன வாரம் போனில் கத்திய சத்தத்திலேயே தெரிந்தது. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய், அதனால் எழுதுகிறேன், முழுதும் படி.

நீ விட்டுப்போன கறுப்புக் காரில் வட்டவட்டமாகக் கீறல் இருப்பதை வீடியோவில் பார்த்தாய். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டீங்களா, முப்பது வருஷம் காருக்கு பெயிண்ட் அடிச்ச மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது என்று பெற்ற அப்பனைக் கேட்டாய், உன் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே. அவர் தெரியாம பண்ணிட்டேன்பா என்றார். அதோடு விட்டாயா, கார் கழுவ ஒரு பாட்டில் ஷாம்புவும் அதை எப்படிப் போடுவது என்று ஒரு தாளும் வேறு அனுப்பியிருக்கிறாய். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாயே, வெட்கமாக இல்லை? பாத்திர சோப்பு பெயிண்ட் மேல் இருக்கும் மெழுகை உரித்துவிடும் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். கடையில் அரை மணி நேரம் நின்று, ஒவ்வொரு ஷாம்புவிலும் ஒரு சொட்டு வாங்கித் தண்ணீரில் கலந்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார். நுரையைப் பார்த்து ஏமாறாதே, வழுக்கல் நிக்கணும், மண்ணு வழுக்கிக்கிட்டுப் போனாத்தான் கீறாது என்பார். கடைக்காரர் முறைப்பார், இவர் அசைய மாட்டார். நீ அனுப்பியதை நானும் அப்படித் தேய்த்துப் பார்த்தேன். நுரை மட்டும் பொங்குகிறது, உன் பேச்சு மாதிரி.

இப்போது கேள். கீறியது நான். எதிரே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தினமும் வண்டி மேல் மண். பிள்ளை வண்டி இப்படிக் கிடக்கிறதே என்று, அவர் பால் வாங்கப் போகும் நேரம் பார்த்து, பழைய துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். தண்ணீர் ஊற்றாமல் தொடாதே என்று நூறு முறை சொல்லியிருந்தார். அந்த வட்டத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன், பேசாம இரு, உன்னையும் கத்துவான் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன், அந்தப் பாவம் என்னுடையது. நீ கத்திய இரண்டாம் நாள், அவர் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி பெயிண்டுக்குக் கலர் சேர்த்துத் தரச்சொல்லி அவரைக் கூப்பிட்டார். எனக்கு என்னங்க தெரியும், வேற ஆளைப் பாருங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்கா வந்திருந்தாள், சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, கோபத்தோடு சாப்பிடாதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய். மனைவி கேட்கக் கத்தினாய், அவள் கேட்கவே மன்னிப்பும் கேள். அதுவரை என்னைக் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். இனி திட்டுவதானால் என்னைத் திட்டு. நீயும் அவளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் வண்டியைக் கீறிய அம்மா