இலுப்பைக்கரை எல்லையில் இறக்கவேண்டிய வாள்

வாழ்க. மூன்று ஆறுகளும் கரை மீறாது ஓடுக. விதைத்தவர் வீட்டுக்கே விளைச்சல் சேர்க. களம் சென்றோர் தம் வாசல் காண்க. மூவாற்று நாட்டைத் தன் மகன் முடிசூடும் நாள்வரை காத்துவரும் பெருந்தேவி வேண்மாள், குன்றவாயில் அரண்மனையிலிருந்து, கீழைப் படை நடத்தும் இளவரசன் இளவேட்டன் காணுமாறு விடுக்கும் ஓலை. நின் தோளும் நின் குதிரையும் நலமாகுக. கையில் தீப்பந்தம் இருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டு மேலே படி.

நின் தூதன் கொணர்ந்த செய்தி கண்டோம். இலுப்பைக்கரை என்னும் சிற்றூரின் கிழவர்கள் அரச படைக்கு வழி மறித்தனர் என்றும், யானைகளுக்கு நீர் கேட்டு வந்த இளவரசனை வாளைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்லி இழிவு செய்தனர் என்றும், முழுநிலா நாளுக்குள் பணியாவிடில் ஊரை எரியூட்டுவாய் என்றும் எழுதியிருந்தாய். முத்திரையை அழுத்திய வேகத்தில் ஓலையே கிழிந்திருக்கிறது. அவ்வளவு கோபம்! முழுநிலாவோ நெருங்கிவிட்டது, நடுவே கருவாற்றில் புதுவெள்ளம். ஆதலால் இதே ஓலையை இரு படி எழுதுவித்து, ஒன்றை ஓடத்திலும் ஒன்றை மலைச்சுற்று வழியிலும் விடுக்கிறோம். எது முந்தும், இரண்டுமே பிந்துமோ என்று எண்ணி வாசலுக்கும் சாளரத்துக்கும் நடந்தபடியே இதைச் சொல்கிறோம். அரசி இவ்வாறு எழுதலாகாது என்று ஓலை எழுதும் நாயகர் முகம் சுளிக்கிறார். சுளித்துக்கொண்டே எழுதட்டும்.

நின் வழியை மறித்த ஒற்றைக்கைக் கிழவரின் பெயர் பூதனார். நின் தூதன் வந்த மறுநாளே, உப்பு வணிகர் வண்டியில் தொற்றிக்கொண்டு அவரும் இங்கு வந்து சேர்ந்தார். அவர் சொல்லக் கேட்டதை அப்படியே எழுதச் செய்கிறோம்.

நின் பாட்டனார் நடத்திய முதற்போரில், மீசை அரும்பும் வயதில் வேல் பிடித்தவர் பூதனார். படைக்கு நெல் தர மறுத்து வாசலை அடைத்துக்கொண்ட ஊர் இலுப்பைக்கரை. எரியூட்டுக என்று ஆணை பிறந்தது. எரியூட்டியவர்களில் அவரும் ஒருவர். பின்னர் போர் வென்று, ஒரு கையை இழந்து, ஆற்றங்கரை நஞ்சையைப் பரிசாகப் பெற்றார். நிலம் நன்றாகத்தான் விளைந்தது. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவரைப் போலவே சோறு இறங்காத தோழர் சிலர் கூடிப் பேசி, பரிசு நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏர்மாடும் விதைநெல்லும் கொண்டு இலுப்பைக்கரைக்கே போய் நின்றார்கள்.

அங்கே எஞ்சியிருந்தோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குத் தலைவியாயிருந்த கொற்றி என்பவள் வந்தவர்களைக் கல்லால் அடிக்கவும் இல்லை, உள்ளே வா என்று அழைக்கவும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் எல்லைக்கு வெளியே கிடந்து, பகலெல்லாம் அப்பெண்களின் வயலை உழுதார்கள். அதன்பின் கொற்றி சொன்னாளாம்: “வாளோட ஒருத்தனும் இந்தக் கல்லைத் தாண்டப்படாது. ராசாவே வந்தாலும் சரி. அந்தக் காவலையும் நீங்கதான் பாக்கணும்.” எரித்தவர் கையிலேயே காவலைக் கொடுத்தாள். அன்று எல்லைக்கல்லடியில் வாள்களை வைத்துவிட்டு உள்ளே போனவர்கள் அவ்வூரிலேயே மணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், நரைத்தார்கள். நின் தந்தையாரும் ஒருமுறை அவ்வழி சென்றபோது தம் வாளை அக்கல்மேல் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கேழ்வரகுக் கஞ்சி குடித்து வந்தார். அதை அவையில் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நீ அப்போதெல்லாம் கிளிக்கூண்டின் முன்னால் நின்றிருப்பாய்.

இனி நீ சென்ற நாளின் நிகழ்ச்சி. பூதனாருக்குக் கண் மங்கல். குதிரையில் வந்தது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இடையில் வாள் தொங்குவது மட்டும் தெரிந்தது. வருவோர் போவோரிடம் சொல்வதையே நின்னிடமும் சொன்னார்: “வாளை அங்ஙன வச்சுட்டு வா தம்பி, கஞ்சி ஆறுது.” நின் பின்னால் நின்ற வீரர்கள் சிரித்துவிட்டார்களாம். உண்மையில் நின்னைச் சுட்டது அந்தச் சிரிப்புத்தான், இல்லையா? வந்திருப்பவன் இளவரசன் என்று எவனோ உரக்கக் கூவியபோது முதியவருக்குக் காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியதாம். ஆயினும், ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்தவர் பிடித்தபடியே நின்றிருக்கிறார்.

அவையில் அவருக்கு இருக்கை தந்தோம், உட்காரவில்லை. ஊரைக் காக்கவேண்டி வந்தீரோ, உம் மனைவி மக்கள் உயிருக்கு அபயம் வேண்டி வந்தீரோ என்று அமைச்சர் வினவினார். முதியவர் எம்மைப் பார்த்தே விடை சொன்னார்: “எங்களுக்காவ மட்டும் வரலை தாயே. எரிக்கிறது ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் உசுரோட இருக்கிறதுதான் முடியாது. நாங்க செஞ்சுட்டுச் சுமந்தோம், கிழடாயிட்டோம். அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஆயுசு கெடக்கு. அது செஞ்சுடாம நிறுத்துங்க.”

மகனே, அவை முழுதும் பார்த்திருக்க எமக்கு அழுகை வந்தது, அழுதோம்.

வைத்தியர் தடுத்தும் கேளாமல், ஓடத்தில் வரும் ஓலையைத் தாமே சுமந்து வருகிறார் பூதனார். வெள்ளம் அவரைக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும்.

ஆணை யாதெனில்: தீக்கு முன்னே இவ்வோலை வந்து சேருமாயின், படையைத் தொலைவில் நிறுத்தி, குதிரையினின்று இறங்கி, நின் வாளை நின் கையாலேயே எல்லைக்கல்மேல் வைத்து, வெறுங்கையனாய் உள்ளே சென்று, கொடுத்ததை உண்டு, யானைகளுக்கு நீர் பெற்று, நாட்டெல்லை நோக்கிப் புறப்படுக. எவனேனும் சிரித்தால் சிரிக்கட்டும். நின் தந்தையாரைப் பார்த்தும் சிரித்தவர் உண்டு.

தீ முந்திவிட்டிருக்குமாயின், நீ குன்றவாயிலுக்குத் திரும்ப வேண்டா. படையைத் துணைத்தலைவனிடம் ஒப்படைத்துவிட்டு, ஏரும் விதையும் கொண்டு அவ்வூர் எல்லைக்கு வெளியே உட்கார். எஞ்சியவர் நின்னை உள்ளே வா என்று அழைக்கும் நாள்வரை நினக்கு முடி இல்லை. எவரும் எஞ்சியிராவிடில், அழைப்பார் இன்றியே அங்கு இரு.

மூன்று அலை பொறித்த இலச்சினை இட்டது. பெருந்தேவி வேண்மாள் ஆணை. நின் மறுமொழி வந்து சேரும்வரை இவ்வரண்மனையில் எந்த அடுப்பிலும் தீ மூட்டப்படாது.