புறாக்கூண்டும் நம் இருவர் இரத்தமும்

என் பிரியமான அண்ணே,

நீங்கள் எங்களை விட்டுப் போய் நாற்பத்தொரு நாளாகிறது. அம்மா நேற்றுதான் மறுபடி பசாருக்கு நடந்து போனார். உங்களுக்குப் பிடித்த மீனைப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பி வந்தார்.

இன்று உங்களிடம் ஒன்று பேச வேண்டும். நம் தீவிலிருந்து அக்கரைக்குக் கடல்மேல் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நம் கடைவீட்டுப் பின்மாடியில் இருபத்திரண்டு புறாக்கள். நீங்களும் நானும்தான் கூண்டைக் கூட்டுவோம். கூட்டிய அன்றெல்லாம் மாலையில் உங்களுக்குக் காய்ச்சல் வரும், விடாத இருமல் வரும். எனக்கு ஒரு தும்மல்கூட வராது.

எச்சத்தின் தூசியை உங்கள் உடம்பு எதிரியாக எண்ணிப் போரிடுகிறது, அந்தப் போரில் நுரையீரல் புண்ணாகிறது என்றார் டாக்டர். புறாக்களை விடச் சொன்னார். அம்மா அழுதார். நீங்கள் அசையவில்லை.

"மூச்சு போனா போகட்டும் லா. புறாவ விட மாட்டேன்."

ஒரே தூசியில் நின்ற இருவரில் உங்களுக்கு மட்டும் ஏன்? டாக்டருக்கும் அது புதிராக இருந்தது. வெள்ளை அணுக்களின் மேல் பிறவியிலேயே சில அடையாளங்கள் உண்டாம். எதை எதிர்ப்பது என்று உடம்பு தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டாம். நம் இருவர் இரத்தத்தையும் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். என்னுடையது வேறாக இருக்கும் என்றே எல்லாரும் நினைத்தோம்.

"ரெண்டு பேருக்கும் அச்சு அசல் ஒண்ணுதான்," என்றார் டாக்டர். "அதுக்காக தங்கச்சிக்கும் வந்தே தீரும்னு இல்ல. வரவும் செய்யலாம்."

"புறாத்தூசி இவளுக்கும் ஆகாதா டாக்டர்?" என்று கேட்டீர்கள்.

"தள்ளி இருந்தா நல்லது."

மறுநாள் காலையிலேயே புறாக்களைப் பெட்டிகளில் அடைத்து, ஃபெரி ஏறி, அக்கரையில் நிபோங் திபாலில் உங்கள் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஒரு வாரத்தில் இரண்டு மட்டும் கடல் தாண்டித் திரும்பி வந்தன. நான் ஓடினேன். என் கையைப் பிடித்து நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினீர்கள்.

"பக்கத்துல போகாத, இந்து."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்! கூட்டாளி வந்து அவற்றைப் பிடித்துக்கொண்டு போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

ஏன் விட்டாய் என்று அம்மா கேட்டபோது, "அலுத்துப்போச்சும்மா" என்றீர்கள். கோயில் வேண்டுதல் பலித்தது என்று அம்மா இன்றும் நம்புகிறார். உங்கள் நுரையீரல் அதற்குள் பாதி இறுகிவிட்டிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே அந்த இரத்தப் பரிசோதனையைச் செய்திருந்தால்? உங்களுக்காக விடாததை எனக்காக அப்போதே விட்டிருப்பீர்களோ?

உனக்காகத்தான் விட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை நீங்கள். எனக்குத் தெரியும் என்று நானும் சொன்னதில்லை. அதை எப்போது சொல்லலாம் என்று இத்தனை வருஷமும் காத்திருந்தேனே, எதற்கு அண்ணே?

போன வாரம் ஆஸ்பத்திரியில் என்னைக் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். என் மூச்சு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தவறாமல் போய் ஊதுவேன். நாளை அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். தன் மகன் எப்படிப்பட்டவன் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் இரத்தத்தின் அதே அடையாளங்களோடு,
தங்கை இந்திரா