கடலடிக்குப் போன பெக்டரி இரும்பு

திருகோணமலை

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. நான் நலம், வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

றொசல்லவில் வாங்கிய பழைய தேயிலை பெக்டரி இரும்பு கடலுக்குள் போய்விட்டது. நிலநடுக்கத்தைக் கவனிக்கும் கருவியைக் கடலடியில் இருத்திவைக்கத்தான் அந்தப் பாரம். கப்பலில் ஏற்றும்போதுதான் என் பிழை தெரிந்தது. கருவிக்காரர்கள் கேட்டது தண்ணீருக்குள் நிற்கும் எடை. நான் தரையில் நிறுத்துக் கட்டியிருந்தேன். தண்ணீருக்குள் இரும்பின் எடை குறையும்; போதாவிட்டால் நீரோட்டம் கருவியை இழுத்துப் போகும், என் பெயரும் கூடவே போகும்.

இஞ்சினியர் கணக்குப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குக் கழிச்சும் சரியா இருக்கு முதலாளி" என்றார். எனக்கே நம்ப முடியவில்லை. லொறியில் ஏற்றிய அன்று, "ஏங்க, நாங்க பறிக்கிற தேயிலைக் கொழுந்துலயே ஈரத் தண்ணிக்குன்னு கிலோவக் கழிக்கிறாங்க, கடலு சும்மா விடுமா? இன்னொரு துண்டு போடுங்க" என்று கேலி செய்தாயே, அதைக் கேட்டு நான் போட்ட அந்தத் துண்டுதான் காப்பாற்றியது. கருவி அசையாமல் உட்கார்ந்து சிக்னல் அனுப்புகிறதென்று நேற்றுத் தகவல் வந்தது. உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நம் தோட்டத் தேத்தூள் கொஞ்சம் அனுப்பு. பழக்கத்தில் இரண்டு கோப்பை ஊற்றிவிட்டு, மற்றதை என்ன செய்வதென்று முழிக்கிறேன்.

லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார். அடுத்த கருவிக்கும் என்னிடமே இரும்பு கேட்டிருக்கிறார்கள். நீ பார்க்காமல் ஏற்றமாட்டேன்.

கஜேந்திரன்