என் பெயர் இல்லாத லெட்டர்ஹெட்

பெங்களூரு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அனன்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம். நானும் டாக்டரின் கணக்குப்படி சுகம். அங்கே ஆம்ஸ்டர்டாம் குளிரும் வேலையும் உன்னைப் படுத்தாமல் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, மற்ற விஷயங்களில் இருக்கிறது. அதைப் போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். தாளைப் பிரித்ததும் மேலே அச்சில் என் பெயரைப் பார்த்திருப்பாய். அந்த லெட்டர்ஹெட் நானே வேர்டில் உட்கார்ந்து செய்தது. எதற்காகச் செய்ய வேண்டி வந்தது என்று எழுதுகிறேன், முழுவதும் படி.

பைபாஸுக்குப் பிறகு வீட்டிலேயே கிடந்துவிட்டு, போன திங்கட்கிழமைதான் ஆபீசுக்குப் போனேன். சிவாஜிநகரில் ஒரு ஹாஸ்டல் கட்டடத்துக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தூண், பீம் எல்லாம் சோதித்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், அதற்கான சான்றைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள் நம் டைப்பிஸ்ட் கேரல். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். “பேப்பர் புதுசு சார், ப்ரஹ்லாத் சார் மாத்திட்டாரு, பாக்க ஷோக்காதான் இருக்கு, ஆனா உங்க பேரு எங்கன்னு நானும் திருப்பித் திருப்பிப் பாத்தேன் சார்” என்றாள். மேலே நீல நிறத்தில் கொக்கு மாதிரி ஏதோ ஒரு படம். கீழே பொடி எழுத்தில் உன் சித்தப்பா ப்ரஹ்லாத்தின் பெயர் மட்டும். இத்தனை வருஷமாக இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி என்று இருந்த தாள் அது. கட்டடம் தாங்கும் என்று நாங்கள் தரும் சான்றுக்கு அந்தத் தாளின் தலையில் இருக்கும் பெயர்கள்தான் ஜாமீன். இது யார் செய்தது என்று கேட்டேன். கேரல் சந்தோஷமாகச் சொல்கிறாள், “நம்ம அனன்யா பாப்பாதானாமே சார், உங்களுக்குச் சொல்லலையா?” என்று. அந்தப் பெண்ணின் முன்னால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

நேராக உன் சித்தப்பாவின் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. “இப்ப யாருண்ணா லெட்டர்ஹெட்ல பேரெல்லாம் போடறாங்க, ரெண்டு பேரு, ரெண்டு டிகிரி, ஒரே நெரிசலா இருந்துச்சு, நீ சும்னே டென்ஷன் ஆகாத, ஹார்ட்டுக்கு ஆகாது” என்றான். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நெரிசல் என்றால் புரிகிறது, காகிதத்தில் என் ஒரு வரிக்கு என்ன நெரிசல். ஆஸ்பத்திரியில் போகாத உயிரைக் காகிதத்தில் எடுத்துவிட்டான். எனக்கு ஆச்சரியம் இல்லை. அவன் கல்யாணப் பத்திரிகையிலேயே கூடப் பிறந்த அண்ணன் பெயரை அவன் மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கீழே போட்டவன்தான். கேட்டதற்கு அச்சகத்துக்காரன் தப்பு என்றான். அன்றைக்கு அச்சகத்துக்காரன், இன்றைக்கு நீ.

ஆமாம், நீ. அன்று உன்னைப் போனில் கேட்டபோது என்ன சொன்னாய், “சித்தப்பா அனுப்புன டீடெய்ல்ஸைத்தான்ப்பா போட்டேன், அவர் உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்” என்றாய். அளவு, நிறம், கொக்கின் மூக்கு எந்தப் பக்கம் என்று அவனோடு எத்தனை முறை பேசியிருப்பாய், அப்பா பெயர் எங்கே சித்தப்பா என்று ஒரு முறை கேட்க வாய் வரவில்லையா. முன்பின் தெரியாத டிசைனர் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சான்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், இதுவரை ஆபீஸ் பக்கம் போகவில்லை. ஹாஸ்டல்காரர் புதன்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். உன் சித்தப்பா அதற்குள் பழைய தாளைக் கொண்டுவரவில்லை என்றால் என் சொந்த லெட்டர்ஹெட்டில் சான்றைக் கொடுத்துவிடுவேன். அப்படி ஒரு தாள் வெளியே போய்விட்டால் அதோடு அண்ணன் தம்பி ஆபீஸ் இரண்டு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

உன்னிடம் கேட்கக் கூடாது என்ற வைராக்கியத்தில்தான் வேர்டில் இறங்கினேன். பக்கத்தின் உச்சியில் இரண்டு முறை தட்டினால் ஹெடர் திறக்கிறது, அதில் பெயரைப் போட்டேன், சரியாகத்தான் இருந்தது. கீழே வந்து எழுதத் தொடங்கினால் மேலே என் பெயர் சாம்பல் பூத்தது போல மங்கிவிட்டது. இந்தக் கம்ப்யூட்டருமா என்று வந்த ஆத்திரத்தில் எழுத்தைத் தடிமனாக்கினேன், பெரிதாக்கினேன், அப்படியும் மங்கல். ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று பக்கத்தைச் சுற்றிக் கன்னங்கரேலென்று பட்டையாக ஒரு கட்டமும் போட்டேன். பிரின்ட் எடுத்தால் எதுவும் மங்கவில்லை, எல்லாம் அப்படியே கறுப்பாக வந்து விழுந்தது. திரையில் மட்டும்தான் மங்குமாம், அது பிறகுதான் தெரிந்தது. மாத்திரை கொடுக்க வந்த உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு, ஒரு போட்டோவும் வச்சுட்டா செவுத்துல ஒட்டிடலாம்” என்றாள். சொன்ன வாயாலேயே அழத் தொடங்கிவிட்டாள். தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள், ஆஸ்பத்திரி வாசலில்கூட அவள் அப்படி அழவில்லை. இதற்கும் சேர்த்துத்தான் உன் சித்தப்பா மேல் எனக்குக் கோபம்.

கட்டத்தை எடுத்துவிட்டேன். எழுத்தைச் சின்னதாக்கினேன், கரும்பச்சையில் ஒரு மெல்லிய கோடு, இரண்டாம் பக்கத்தில் தலைப்பு வராதபடியும் செய்தாகிவிட்டது. இந்த முறை பிரின்டரிலிருந்து வந்ததும் நான் தடுப்பதற்குள் உன் அம்மா நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டாள். ஆபீஸ் காகிதத்தில் மஞ்சளா என்று கத்தினேன். “சும்மா இருங்க, இது கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சுக்கங்க” என்றாள். இப்போது உன் கையில் இருப்பது அந்த முதல் தாள்தான், மூலையில் இருப்பது சாம்பார்க் கறை என்று நினைத்துக்கொள்ளாதே. பெயரை இடது ஓரத்தில் வைத்துவிட்டு வலது பக்கத்தை யாருக்குக் காலியாக விட்டிருக்கிறீர்கள் என்றும் கேட்டாள். போன் நம்பருக்கு என்றேன். போன் நம்பர்தான் கீழே இருக்கிறதே என்றாள். எல்லாவற்றுக்கும் இந்த வீட்டில் ஒரு கேள்வி.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் சைக்கிளில் போகும்போது காதை மூடிக்கொள். கோபத்தில் எழுதினேன் என்று என் ஆசீர்வாதத்தில் ஒன்றும் குறையாது, நீ நன்றாக இரு, நல்ல பெயரோடு இரு. இந்தத் தாள் தபாலில் எப்போது வந்து சேருமோ, அதனால் இதைப் போட்டோ பிடித்து இன்றே அனுப்பிவிடுகிறேன், லெட்டர்ஹெட் கோப்பையும் மெயிலில் பார். புதன்கிழமைக்குள் உன் சித்தப்பாவோடு நீ பேசினால் பேசு, பேசு என்று நான் சொன்னதாக இருக்கக் கூடாது. கோப்பில் கோடு கோணலாக இருந்தால் நேராக்கு, எழுத்து பொருந்தவில்லை என்றால் மாற்று. ஆனால் அழகாக இருக்கும் என்று என் பெயரை நடுவில் கொண்டுபோய் வைக்காதே. நடுவில் வைக்க எதைத் தட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியும்.

இப்படிக்கு
உன் அப்பா
எஸ். பத்ரிநாத்