ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

அம்மா,

இன்று காலை வேலையிடத்தில் என் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார்கள். சித்திரையில் எங்கள் கப்பல் காப்புறுதி நிறுவனம் என்னைப் பத்து நாட்களுக்கு ஷாங்காய்க்கு அனுப்புகிறது. எந்தப் பகுதியில் அறை எடுப்பது என்று கேட்டு மூன்று பகுதிகளின் பெயரும், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்னச் சதுரமும் போட்டிருந்தார்கள். பிடித்ததில் அடையாளம் இட வேண்டும். நான் பேனையைக் கையில் எடுத்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது பக்கத்து மேசைக்காரி மூக்குச் சிவந்திருக்கிறதே, தடிமனா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கோடையில், நான் மாஸ்டர் படிப்பு முடித்த கையோடு, அதே நகரத்தை ஒஸ்லோவில் எங்கள் எல்லிங்ஸ்ருட் வீட்டுக் குசினி மேசையில் விரித்து வைத்திருந்தோம். நூலகத்தில் அச்சடித்த பன்னிரண்டு தாள்களை ஒட்டி நானே செய்த வரைபடம். ஆறு வளைகிற இடத்தில் உங்கள் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதுவரை நாம் இருவரும் எந்த ஊரிலும் தங்க இடம் தேடியதில்லை. லண்டன் என்றால் மாமா வீடு. பாரிஸ் என்றால் சின்னம்மா வீடு. ரொறொன்ரோ என்றால், யார் வீட்டில் முதலில் இறங்குவது என்பதிலேயே ஒரு கிழமைச் சண்டை. ஒரு ஊரின் பகுதிகளை அக்கம்பக்கம் வைத்து ஒப்பிட்டு, இதுதான் நல்லது என்று முடிவெடுக்கிற வேலை எனக்குப் புதிது. நான்தான் படித்த பிள்ளையாயிற்றே. பயணிகள் எழுதிய குறிப்புகளை எல்லாம் வாசித்தேன். ஆற்றின் கிழக்குப் பக்கம் அகலமான தெருக்கள், உயர்ந்த கட்டடங்கள், மின்தூக்கி உள்ள ஹொட்டல்கள். மேற்குப் பக்கத்தில் பழைய ஒழுங்கைகள், ஒடுங்கிய வீடுகள். நான் கிழக்கில் ஒரு வட்டம் போட்டேன்.

நீங்கள் வட்டத்தைப் பார்க்கவே இல்லை.

“லின் அக்கா எந்தப் பக்கம்?” என்று கேட்டீர்கள்.

லின் அக்காவை அப்போது எனக்கு உங்கள் கதைகளால்தான் தெரியும். ஒஸ்லோ நிலையத்துக்குப் பக்கத்து ஹொட்டலில், நாலாம் மாடியில், பதினான்கு வருடம் உங்களோடு சோடியாகக் கட்டில் விரித்தவர். விரிப்பின் ஒரு நுனி உங்கள் கையில், மறு நுனி அவர் கையில். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் தெரிந்த நோர்வே மொழி அந்த ஹொட்டலில் கற்றதுதான்: துவாய், தலையணை, இன்னும் ஆறு அறை, போதும், சாப்பிடுவம். அதில் எப்படி இவ்வளவு கதைத்தீர்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருடைய தாய் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு ஊரான ஷாங்காய்க்குத் திரும்பினார். தாய் போன பிறகு தனியாக இருந்தார். “வாங்கோ, இடம் இருக்கு” என்று உங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

“மேற்குப் பக்கம்தான் அம்மா. ஆனா மரப்படி. கழிப்பறையும் நாலு குடும்பத்துக்குப் பொதுவாம். உங்கட முழங்காலுக்கு ஏலாது.”

“நான் உன்னட்டை என்ரை முழங்காலைக் கேட்டனானே?”

“ஒருக்கா நீங்களும் ஹொட்டலிலை விருந்தாளியா இருங்கோவன்.”

“தெரிஞ்ச மனிசி இருக்கிற ஊரிலை போய் ஹொட்டலிலை நிக்கிறதோ? அவவின்ரை வீட்டு வாசல்லை துப்பிப்போட்டு வாறது மாதிரி, பிள்ளை.”

“அவ ஒண்டும் நினைக்க மாட்டா. அவ எங்கட ஆக்கள் இல்லைத்தானே.”

நீங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தீர்கள். “அப்ப ஆர் எங்கட ஆக்கள்?” என்று கேட்டீர்கள். அடுத்த நாள் ஹொட்டலைப் பதிவு செய்துவிட்டேன்.

உங்கள் முழங்காலை நான் முன்னுக்கு நிறுத்தினேன் அம்மா. உண்மையில் எனக்குக் கூச்சம். முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் சாப்பிட, குளிக்க, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதை உங்களிடம் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, “சரி, உன்ரை கூச்சத்துக்கு ஒரு அறை எடு” என்று சொல்லியிருப்பீர்கள். நான் சொல்லவில்லை.

அந்த ஹொட்டலில் முதல் நாள் காலை, துப்புரவுக்கு ஆள் வருமுன்பே நீங்கள் இரண்டு கட்டிலையும் விரித்து முடித்திருந்தீர்கள். வந்த பெண் வாசலில் திகைத்து நின்றாள். அவள் போன பிறகு குனிந்து பார்த்து, “பொடிச்சி கட்டிலுக்குக் கீழை கூட்டேல்லை” என்றீர்கள். நான் அதற்குச் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நாம் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

லின் அக்கா ஒவ்வொரு நாளும் படகில் ஆற்றைக் கடந்து வந்தார். பொரித்த மாவுக் குச்சிகளும் சோயாப் பாலும் துணிப்பையில் சூடாக இருக்கும். மேலே அறைக்கு வாங்கோ என்றால் வர மாட்டார். முன்மண்டபத்தில், விலை உயர்ந்த அந்தச் சோபாவின் விளிம்பில், நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். காலமெல்லாம் ஹொட்டலுக்குள் பின்கதவால் நுழைந்தவர்கள் அல்லவா, யாராவது வந்து எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்பது போல. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசி நாள்தான் அவருடைய வீட்டுக்குப் போனோம். ஒழுங்கைக்கு மேலே மூங்கில் தடிகளில் உடுப்புகள் காய்ந்தன. மரப்படியில் நீங்கள் என் கையைப் பிடிக்காமலே ஏறினீர்கள். சமையலுக்கு ஒரு இடுக்கு, அதில் மடக்குக் கட்டில் ஒன்று மடக்கி வைத்திருந்தது. அடுத்து ஒரேயொரு அறை. அந்த அறையின் நடுவில் பெரிய கட்டில், வெள்ளை விரிப்பு, மூலைகள் கடித உறைபோல மடிக்கப்பட்டு, இரண்டு தலையணை. ஒஸ்லோவில் நீங்கள் இருவரும் விரிக்கிற அதே கட்டில். நாம் ஹொட்டலில் இருந்த அந்தக் கிழமை முழுவதும் அவர் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார். நாம் மனம் மாறி வந்துவிட்டால் என்று.

நீங்கள் போய்க் கட்டிலில் படுத்தீர்கள், சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு, பட்டப்பகலில். லின் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கால்களைப் போர்த்திவிட்டார். நான் வாசலில் நின்றேன். அந்த அறையில் எனக்கு வேலை இல்லை.

திரும்பும் படகில் மட்டும் சொன்னீர்கள். “விரிப்பு இண்டைக்குத் தோய்ச்சது. மணந்து பாத்தனான். ஒவ்வொரு நாளும் மாத்தியிருக்கிறா.”

கோபமாகச் சொல்லியிருக்கலாம். நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

“அடுத்த முறை அங்கை நிப்பம், அம்மா” என்றேன்.

“ஓம், பாப்பம்.”

அடுத்த முறை வரவில்லை. மறு வருடம் மார்கழியில், வேலைக்குப் போகச் சப்பாத்தின் நாடாவைக் கட்டக் குனிந்த நீங்கள் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். எல்லாருக்கும் நான்தான் அறிவித்தேன். மாமாவுக்கு, சின்னம்மாவுக்கு, ஹொட்டலுக்கு. லின் அக்காவின் இலக்கத்தை மூன்று முறை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். சீனப் புதுவருடத்துக்கு உங்கள் பெயருக்கு அவருடைய வாழ்த்து அட்டை வந்தது. அதற்கு நான் பதில் எழுதினேன் அம்மா. “அம்மா சுகம்” என்று எழுதினேன். உலகத்தில் ஒரு வீட்டிலாவது, லின் அக்காவின் நினைப்பில், நீங்கள் இன்னும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தீர்கள். அந்த வீட்டையும் மூட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடமும் அட்டை வந்தது. அதற்கும் அதையே எழுதினேன்.

இன்று மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில், அந்தத் தாளில் எந்தச் சதுரத்தையும் தொடாமல், எனக்கு அறை தேவையில்லை, தெரிந்தவர் வீட்டில் தங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு மாடிப்படிக்கட்டில் போய் நின்று, இம்முறை வைத்துவிடாமல், லின் அக்காவுக்கு அழைத்தேன். அங்கே பொழுது பட்டிருந்தது. பின்னால் சட்டியில் ஏதோ பொரியும் சத்தம். சித்திரையில் வருகிறேன், உங்கள் வீட்டில் நிற்கலாமா என்று நோர்வே மொழியில் கேட்டேன்.

அவர் ஓவென்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டில் யாருக்கோ சீனத்தில் உரக்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, “இடம் இருக்கு, இடம் இருக்கு” என்றார். அடுத்துக் கேட்டார்: “அம்மாவுக்கு லீவு குடுப்பினமோ?”

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் ஹலோ, ஹலோ என்றார். பிறகு வைத்துவிட்டார்.

நான் திரும்ப அழைக்கவில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடியது இல்லை இது. போய், நேரே நின்று சொல்வேன். இந்த முறை ஒளிக்க மாட்டேன், உங்கள்மேல் சத்தியம். ஆனால் அவர் கதவைத் திறந்ததும் என்னைப் பார்ப்பார், என்னைக் கட்டிப்பிடிப்பார், பிறகு என் தோளுக்கு மேலால் படிக்கட்டை எட்டிப் பார்ப்பார். நீங்கள் ஆறுதலாக ஏறி வருகிறீர்கள் என்று நினைத்து, கதவைச் சாத்தாமல் நிற்பார். நான் சொல்லும்வரைக்கும் அப்படியே நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான், அம்மா, நான் இப்போதே சுமந்துகொண்டு திரிகிறேன்.