வினீத் சமைத்துத் தந்த ஸ்டேக்

நேமம்,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் ஆர்ஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்ற வார்த்தையை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை மக்களே, ஏன் என்று மேலே படித்தால் தெரியும். டப்ளினில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், நைட் டியூட்டிக்குப் போகும்போது கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள், வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. இங்கே மழை விட்டபாடில்லை, பின்பக்கச் சுவர் முழுக்கப் பாசி. பக்கத்து வீட்டுச் செல்வமணி மகளைக் கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து என்னிடம் உட்கார்ந்து அழுகிறாள், பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பி வரக்கூடிய மகளுக்காக இந்த அழுகை, அதுவும் மகளை டப்ளினுக்கு அனுப்பிவிட்டு இருக்கிற என்னிடம்.

கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று நீ சொன்ன வினீத், அதே கழக்கூட்டத்திலிருந்து ஒரு சனிக்கிழமை எங்களுக்குச் சமைத்துப் போட வந்தான். பெண் கேட்க வருகிறவன் பழமும் பலகாரமும் கொண்டு வருவான், இவன் ஏர் ஃப்ரையர் என்கிற பொரிக்கிற பெட்டியைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினான். "இன்னைக்கு ஆன்ட்டி அடுக்களைக்கு வரவே கூடாது, எல்லாம் நான் பாத்துக்கிடுவேன்" என்றான். சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஸ்டேக் போடப் பெரிய கடையில் வாங்கினதாம், செங்கல் கனத்துக்கு இரண்டு துண்டு இறைச்சி, தொட்டுப் பார்க்கும்போதே தெரிந்தது கிழட்டு எருமை என்று. நாமானால் அதை விரற்கடை அளவுக்கு நறுக்கி, குக்கரில் வேகவிட்டு, தேங்காய்க்கொத்து போட்டு வறட்டியிருப்போம். இவன் உப்பும் மிளகும் தூவி, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோலத் தட்டிக் கொடுத்தான். "எண்ணெயே வேண்டாம் ஆன்ட்டி, காத்துலயே வெந்துரும்" என்றவன், அடுத்தபடியாகப் பையிலிருந்து ஒரு கட்டி வெண்ணெயை எடுத்து முழுவதையும் அதன் தலையில் வைத்தான். அந்த வெண்ணெய் உருகி அடியில் வடிந்து புகைந்து, ஹாலில் அப்பா இருமத் தொடங்கினார், நான் எல்லா ஜன்னலையும் திறந்தேன், சாரல் அடித்துச் சோபா நனைந்தது. இடையிடையே பெட்டியை இழுத்து இறைச்சிக்குள் ஒரு கம்பியைக் குத்திச் சூடு பார்த்தான். ஜுரம் பார்க்கிற டாக்டருக்குக்கூட அவ்வளவு கவலை இருக்காது. வெளியே எடுத்ததும் வெட்டக்கூடாதாம், அது கொஞ்சநேரம் ரெஸ்ட் எடுக்க வேண்டுமாம். செத்த எருமைக்கு இனி என்ன ரெஸ்ட் என்று கேட்க வாய்வரை வந்தது, உன்னை நினைத்து எழுந்துபோய் நனைந்த சோபாவைத் துடைத்தேன்.

தட்டில் வெட்டி வைத்தபோது உள்ளே சிவப்பு. நான் பார்த்த பார்வையைக் கண்டு "அது ரத்தம் இல்ல ஆன்ட்டி, ஜூஸாக்கும்" என்றான். நான் ஒரு துண்டை வாயில் போட்டு, தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தேன். அப்பா அப்படிச் செய்வாரா, உன் அப்பாவுக்குத்தான் யார் மனமும் நோகக்கூடாதே. பல் செட் போட்ட வாயில் அந்தத் துண்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தார், கடைசியில் முடியாமல் துப்புவதற்குத் தட்டை நோக்கிக் குனிந்தார். அப்போதுதான் வினீத் போனைத் தூக்கிப் பிடித்து, "அங்கிள், ஒரு சிரிப்பு, ஆர்ஷாவுக்கு அனுப்பணும்" என்றான். உன் பெயரைக் கேட்டதும் அப்பா அதை அப்படியே விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

பிறகு சத்தம் வரவில்லை. இரண்டு கையும் தொண்டைக்குப் போயிற்று, முகம் கறுத்துக்கொண்டு வந்தது. வினீத் போனைப் பிடித்தபடியே நின்றான். தொண்டையில் அடைத்தால் இப்படி என்று போன லீவில் நீ தலையணையை வைத்து எனக்குக் காட்டித் தந்தாயே, அதுபோல அப்பாவைக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓங்கி ஓங்கி அடித்தேன், எத்தனை அடி என்று தெரியாது, கர்த்தாவே கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். அந்தத் துண்டு தெறித்து விழுந்தது. அப்பா பெரிய சத்தத்தோடு மூச்சை இழுத்தார். பயப்படாதே, தொண்டையில் சின்னக் கீறல்தான், இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார்.

அவன் நின்றுவிட்டதற்காக நான் அவனைக் குறை சொல்லவில்லை. பயத்தில் யாருக்கும் கைகால் ஓடாது. எனக்கு எரிகிறது அதற்குப் பிறகு நடந்ததை நினைத்துத்தான். அவன் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார், நான் வாய் திறக்குமுன் இவன், "அங்கிள் அவசரத்துல விழுங்கிட்டாரு டாக்டர்" என்றான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ தின்னத் தெரியாத பிள்ளையைப் போல. மறுநாள் காலை அவனுடைய ஸ்டேட்டஸில் அந்தப் படம், அப்பா சிரிக்கிறார், கீழே குடும்பத்தோடு ஸ்பெஷல் டின்னர் என்று எழுதியிருந்தான். நீயும் அதற்கு இதயம் போட்டிருப்பாய். டின்னர் சூப்பராமே அம்மா என்று நீ போனில் கேட்டபோது நான் மழையைப் பற்றிப் பேசியது இதனால்தான். அப்பா என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார், "போட்டும் ராஜமணி, பயந்து போயிட்டான், பிள்ளைட்ட சொல்லாத" என்று.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் அவன் நிற்கிறான், வெறும் கையோடு. அவனுக்காகவே நான் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன, ஒன்றும் நல்ல வார்த்தை இல்லை. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னான், "அங்கிள், நீங்க துப்பத்தான் போனீங்க, நான்தான் சிரிக்கச் சொன்னேன், டாக்டர்ட்ட பொய் சொன்னேன், ஆர்ஷா அறிஞ்சா என்னை விட்டுருவாளோன்னு பயம்." போட்ட படத்தை அழித்துவிட்டதாகவும் சொன்னான். அப்பா உடனே "உள்ள வா மோனே" என்று கையைப் பிடித்து இழுத்து, அந்தப் பெட்டியில் சாளை மீன் பொரியுமா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு ஒருவரையும் திட்ட முடியாது. நான் சாயா போட்டுக் கொடுத்தேன், ஆனால் சிரிக்கவில்லை. அவன் எழுந்தபோது வாசல்வரை போய், "இங்க சொன்னது பத்தாது, இதை அவள்ட்ட நீயே சொல்லணும்" என்றேன். "சொல்லுவேன் ஆன்ட்டி" என்றான். எப்போது என்று நான் கேட்கவில்லை.

அவன் சமையலைப் பற்றி என் எண்ணம் மாறாது, அதை வைத்து மாப்பிள்ளை பார்க்கிறவளும் நான் இல்லை. தினமும் உன்னோடு போனில் பேசுகிறவள் இதை மட்டும் ஏன் தபாலில் போட்டேன் என்று நீ யோசிப்பாய். தபால் டப்ளினுக்கு வந்து சேர நாள் ஆகும், அந்த நாட்கள் அவனுக்கு நான் கொடுத்தவை. இதைப் படிக்கும்போது இதெல்லாம் உனக்கு ஏற்கெனவே தெரிந்த கதையாக இருந்தால், அன்றைக்கே என்னைக் கூப்பிடு, அவன் வீட்டாரை எப்போது வரச் சொல்லலாம் என்று பேசுவோம். இப்போதுதான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறாய் என்றால் அழாதே மக்களே, முகத்தைக் கழுவிக்கொண்டு டியூட்டிக்குப் போ.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளி சாக்ஸை மறக்காதே.

உன் அம்மா,
ராஜமணி