பச்சைக் கதவும் பதினான்காம் எண்ணும்

ஐந்தாம் தேதி, ஞாயிறு மதியம்

என் அன்பு வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கி, 'எல்லோரும்' என்பதை அடித்துவிட்டேன். நானும் உன் அண்ணியும் நலம். அப்பாவும் காலில் இருக்கும் புண்ணைத் தவிர நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் குளிரில் சமாளிக்கிறீர்களா? சென்ற மாதப் படத்தில் மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டில் இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம் என்று அண்ணி சொல்கிறாள்.

அப்பா உன்னிடம் புதுக் கண்ணாடி கேட்டதாக எழுதியிருந்தாய். பார்வை மிகவும் குறைந்துவிட்டது என்று உன் கண்ணாடிக் கடைத் தாளில் ஒரு சீட்டும் எழுதி அனுப்பச் சொன்னாராம். போன வருஷம் நீயே சோதித்தபோது பார்வை நன்றாக இருந்ததே, அதற்குள் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் போன் மணி அடித்தால் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நம் பேச்சைக் கேட்பார் என்பது உனக்குத் தெரியாததா?

அப்பாவின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோளாறு என் கையில். கோபித்துக்கொள்ளாமல் முழுவதும் படி.

நகர்மன்றத்தின் தகவல் பிரிவில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். மன்றம் எடுக்கும் முடிவுகள், குடிநீர் நேரம், குப்பை வண்டி வரும் நாள் எல்லாவற்றையும் எழுதி, சனிக்கிழமைதோறும் நாலாயிரம் வீடுகளுக்குச் செய்தி மடலாகப் போடுவது. நம் தெருவில் அதை யாரும் தானாகப் படிப்பதில்லை. முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து அப்பா படித்துக் காட்டுவார். முப்பது வருஷம் பஸ்ஸில் நிறுத்தம் நிறுத்தமாகக் கூவிய குரல் ஆயிற்றே, தெருக்கோடி வரை கேட்கும். கத்தரி கூட அதுவரை நிற்கும். வீட்டில் மட்டும் ஆபீஸ் சமாச்சாரத்தைக் கேட்கவே மாட்டார். "ஊருக்குத் தெரியுறப்ப எனக்குத் தெரிஞ்சா போதும்" என்பார். அந்த ஒழுங்கை நானும் மீறியதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு, நம் தெருமுனை மருந்தகத்தை மூடி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய மருத்துவமனையோடு சேர்க்க மன்றம் முடிவு செய்தது. அதுதான், பச்சைக் கதவு ஆஸ்பத்திரி. நீ விழுந்து தாடையில் தையல் போட்டுக்கொண்டு, நர்ஸைக் கடித்துவிட்டு வந்த இடம். வாரம் இரண்டு நாள் அப்பா புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் அங்கேதான். வரைவில் நான் முதலில் 'பச்சைக் கதவு மருந்தகம் மூடப்படுகிறது' என்றுதான் எழுதினேன். எங்கள் கண்காணிப்பாளரை நாங்கள் சிவப்பு மை என்போம். அவர் அதை அடித்துவிட்டு, பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்றார். பதிவேட்டில் அதன் பெயர் 'மூன்றாம் பகுதிச் சேவைக் கட்டடம், எண் பதினான்கு'. மூடல் என்ற சொல்லும் வேண்டாமாம், 'இணைப்பு' போதுமாம். நானும் மண்டையை ஆட்டிவிட்டு அப்படியே எழுதினேன். நாய் உரிமத்துக்கும் தெருவிளக்குக்கும் நடுவில், ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும் என்று முடித்தேன். வாக்கியம் கச்சிதமாக அமைந்தது என்று எனக்கு அன்று பெருமை வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை அப்பா அதை உரக்கப் படித்தார். பதினான்காம் எண் ஏதோ பழைய கிடங்கு என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அதில் மருந்தகம் என்ற சொல் கிடைக்காது. அப்பாவுக்குப் புரிந்திருக்கும், ஆபீஸ் சமாச்சாரம் என்பதால்தான் என்னிடம் கேட்காமல் இருக்கிறார் என்று நினைத்து நான் இருந்துவிட்டேன். பதினைந்து நாளில் ஒரு ஆட்சேபம் கூட வரவில்லை. போன மாதம் ஒன்றாம் தேதி காலை அப்பா கட்டு மாற்றப் போய், பூட்டின கதவின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். டாக்டர் வரத் தாமதம் என்று நினைத்து, பின்னால் வந்தவர்களை வரிசையில் வேறு நிறுத்தியிருக்கிறார்.

இப்போது இரண்டு பஸ் மாறிப் பாலம் கடக்க வேண்டும். வாரம் இரண்டு தடவை என்பது ஒன்றாகிவிட்டது. புண் ஆறுவதற்கு வழியைக் காணோம். எதிர்வீட்டுத் தையல்கார அக்காவின் மகளுக்கு மூச்சிரைப்பு. முன்பு தூக்கிக்கொண்டு ஓடினால் ஐந்து நிமிஷம். அந்த அக்கா ஆபீஸுக்கே வந்து, "எங்கள யாரு கேட்டீங்க?" என்று கத்தினார். சிவப்பு மை அமைதியாக மடலை எடுத்து, அந்த வரியைக் காட்டினார். நான் பக்கத்து மேசையில் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அக்கா அப்பாவைத் தேடி முடிதிருத்தும் கடைக்குப் போனார். அன்று நான் அரைநாள் விடுப்பில் அங்கேதான் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன், முகம் பாதி நுரையோடு. "நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க, ஏன் சொல்லல?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கண்ணாடியில் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "கண்ணு மங்கிடுச்சும்மா. அந்த வரிய விட்டுட்டேன் போலிருக்கு. எழுதினவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். நானோ, நாற்பத்தாறு வயதில், நுரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றிலிருந்து கடையில் மடலைப் படிப்பவர் வேறு ஒருவர். அப்பா சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கிறார்.

தெருக்காரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். வரும் இருபத்திரண்டாம் தேதி மன்றம் அதை விசாரிக்கிறது. அறிவிப்பு மக்களுக்குப் புரியும்படி போய்ச் சேரவில்லை என்று நிரூபித்தால்தான் முடிவை மறுபடி எடுப்பார்கள். அங்கே எழுந்து நின்று, குற்றம் தன் கண்ணில்தான் என்று அப்பா சொல்லப் போகிறார். அதற்குத்தான் உன் சீட்டு. என் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று அவர் எண்ணம். ஆனால் அவர் அப்படிச் சொன்னால், அறிவிப்பு சரி, படித்தவர்தான் தவறு என்று மன்றம் மனுவை மூடிவிடும். கதவு திறக்காது. நான் இரண்டு முறை பேச்செடுத்தேன். "ஆபீஸ் விஷயத்த ஆபீஸ்ல பேசு" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அதனால் ஆபீஸிலேயே பேசப் போகிறேன். பேசுபவர் பட்டியலில் முதல் பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன். சிவப்பு மை அடித்த அந்த வரைவு என்னிடம் இருக்கிறது. அதை மேசையில் வைத்து, முதலில் எழுதியது என்ன, பிறகு எழுதியது என்ன என்று படித்துக் காட்டுவேன். அடித்தது அவர், சம்மதித்தது நான் என்பதையும் சொல்வேன். பிறகு என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றலாம், வீட்டுக்கே அனுப்பலாம். பயமாகத்தான் இருக்கிறது. அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "சவரம் பண்ணிட்டுப் போங்க" என்றாள்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தச் சீட்டை எழுதாதே. அப்பா எத்தனை தடவை கேட்டாலும், கெஞ்சினாலும் எழுதாதே. வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய் இது, எனக்காகச் சொன்னது. அதற்கு நீ சாட்சியாக வேண்டாம். என் மேல் கோபமென்றால் காலை ஏழு மணிக்குப் போன் செய், அப்பா குளிக்கும் நேரம்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே வரும் அறிவிப்புகளையும் ஒரு வரி விடாமல் படி.

இருபத்திரண்டு கழிந்த பிறகு, என்ன முடிவானாலும், அப்பாவுக்கு ஒரு பிரேம் மட்டும் அனுப்பு. இப்போது இருப்பதில் காதுக் கம்பி உடைந்து நூல் சுற்றி வைத்திருக்கிறார். பவரை மாற்ற வேண்டாம். அப்பாவுக்கு எல்லாம் நன்றாகவே தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்